மூன்றா, நான்கா?

ஹீட் பம்ப் வைத்தால் செலவு குறையுமா என்று கேட்டதும், யோசிக்காமல் "குறையும்" என்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். லண்டன் வீடுகளில் எரிவாயு பாய்லரைக் கழற்றி ஹீட் பம்ப் மாட்டுவதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் சொல்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு வருடத்துக்கு 12,000 யூனிட் எரிவாயு எரிக்கிறது, யூனிட் 6 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 720 பவுண்டு. பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பம் 10,200 யூனிட். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. ஏ.சி.யின் வேலையைத் திருப்பிச் செய்து, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே ஏற்றிவிடுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பம் தருகிறது. ஆனால் இங்கே மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல நான்கு மடங்கு. யூனிட் 25 பென்ஸ் என்று கொள்வோம். வருடச் சராசரி மூன்று என்றால் 3,400 யூனிட் மின்சாரம், 850 பவுண்டு. கைநஷ்டம். நான்கு என்றால் 2,550 யூனிட், 640 பவுண்டுக்குள் முடிந்துவிடும். மூன்றரையைத் தாண்டினால்தான் லாபக்கணக்கே தொடங்குகிறது.

அந்த மூன்றரையைத் தாண்டுவதும் தாண்டாததும் மெஷினின் பெயரைவிட ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. பாய்லர் 70 டிகிரியில் தண்ணீரை அனுப்பும். ஹீட் பம்பையும் அப்படி அனுப்பச் சொன்னால் அனுப்பும்தான், ஆனால் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். 45 டிகிரிக்கோ அதற்கும் கீழேயோ ஓடவிட்டால்தான் சிக்கனம். அங்கேதான் சிக்கலும் வருகிறது. பழைய முறையில் 1,000 வாட் தரும் ரேடியேட்டர், 45 டிகிரித் தண்ணீரில் 350 வாட்தான் தரும். ஆக ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் கூரையிலும் ஜன்னலிலும் வெளியேறும் வெப்பத்தை அடைக்க வேண்டும். ஒவ்வோர் அறையாக அளந்து, சுவர் எது, ஜன்னல் எவ்வளவு, மேலே பஞ்சு போட்டிருக்கிறதா என்று குறித்து, அந்த அறை எத்தனை வாட் இழக்கிறது எனக் கணக்கிடுவதுதான் இந்தத் தொழிலின் பாதி. குழாய் இணைப்பதை ஒரு கெட்டிக்காரப் பையன் சில மாதங்களில் கற்றுக்கொள்வான். வீட்டைப் பார்த்ததும் எந்த அறை குளிரும் என்று சொல்ல வருடங்கள் பிடிக்கும்.

மாட்டி முடித்த முதல் குளிர்காலத்தில் வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

"தம்பி, ரேடியேட்டர் சுடுதில்லை. மெஷின் பழுதோ?"

"வீட்டுக்குள்ள எத்தனை டிகிரி அக்கா?"

"இருபத்தொண்டு."

"அப்ப குளிருதோ?"

"குளிரேல்லை. ஆனா தொட்டா சுடுதில்லையே!"

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பாய்லரை ஓட்டி, ரேடியேட்டரில் கைவைத்துச் சூடு பார்த்துப் பழகிய வீடுகள் இவை. ஹீட் பம்ப் மெதுவாக, நாள் முழுக்க ஓட வேண்டியது. வெளியே போகும்போதெல்லாம் அணைத்துவிட்டு, திரும்பி வந்ததும் வேகமாகச் சூடாக்கச் சொன்னால் அது அதிகச் சூட்டில் ஓடி நான்கை மூன்றாக்கிவிடும்.

இனி முதலீடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. 2023 அக்டோபர் வரை இது 5,000ஆக இருந்தது. மதிப்புக்கூட்டு வரியும் (VAT) 2027 மார்ச் முடியும்வரை இல்லை. பன்னிரண்டாயிரம் சொச்சம் ஆகும் வேலைக்குக் கைக்காசு ஐயாயிரம் போலப் போகும். புது பாய்லர் மூவாயிரத்துக்குள் முடியும். கூடுதலான இரண்டாயிரத்தை வருடத்துக்கு 80 பவுண்டு சேமித்து எடுக்க 25 வருடம் வேண்டும். அதுவரை மெஷின் உழைக்குமா என்பது சந்தேகம்தான்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவது அடுப்பு. எரிவாயு இணைப்புக்கு மட்டும் வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் நிலைக்கட்டணம் போகிறது. பாய்லரைக் கழற்றிவிட்டு, தோசைக்கும் தாளிப்புக்கும் என்று காஸ் அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். இண்டக்‌ஷனுக்கு மாறி மீட்டரையே எடுத்துவிட்டால் சேமிப்பு இரட்டிப்பாகி, முதலீடு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் திரும்புகிறது. மலிவு நேர மின்கட்டணத் திட்டமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கணவன் சரி என்பார். சமையலறைக்காரர் சரி என்று சொல்ல வேண்டும். ஹீட் பம்போடு வைக்க வேண்டிய சுடுதண்ணீர்த் தொட்டிக்கு மாடிப்படிக்குக் கீழே இடம் கேட்டால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்ற பேச்சும் வரும். அதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

கொட்டேஷன் கைக்கு வந்ததும் மொத்தத் தொகைக்கு முன்னால் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஒவ்வோர் அறையும் இழக்கும் வாட், கடுங்குளிர் நாளில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் டிகிரி. இரண்டாவது எண் ஐம்பதைத் தாண்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முதல் எண்ணே இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.