வெள்ளைப் பஞ்சும் தப்பெண்ணமும்



ஒரு துன்பத்தின் காரணம் நமக்குத் தெரியாதபோது, மனம் சும்மா இருப்பதில்லை. யாரேனும் ஒருவரை அந்தக் காரணமாக நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் அந்த ஒருவர் நம் நெருங்கிய உறவினராகவே இருப்பார். ஒரு பூந்தொட்டியை முன்னிட்டு ஒரு குடும்பத்தில் அவ்வாறு நேர்ந்ததை, அச்சகோதரியின் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஓசூர்ப் பகுதியில் தொழிற்சாலைப் பணிக்காக வந்து குடியேறியவர்கள் மிகுதி. அடுக்குமாடி வீடுகளில் தோட்டத்துக்கு இடமில்லை. ஆகவே பால்கனியிலும் சன்னல் ஓரத்திலும் சோற்றுக்கற்றாழை, ஜேடு, ரோஜா இதழ் அடுக்குப்போல் விரியும் எச்சிவேரியா போன்ற சதைப்பற்றுச் செடிகளை வைக்கிறார்கள். இலையிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும் இச்செடிகளுக்கு அன்றாடம் நீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதால், வேலைக்குச் செல்வோருக்கு இவை வசதியானவை.

அச்சகோதரி புதுவீடு புகுந்தபோது, அவருடைய ஓரகத்தி இத்தகைய மூன்று தொட்டிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். இரண்டு மாதங்களில் இலைகளின் இடுக்கெல்லாம் வெள்ளைப் பஞ்சு திணித்து வைத்ததுபோல் ஆயிற்று. இலைகள் பிசுபிசுத்து, சுருங்கி, ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. அதே நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கணவருக்கு வேலையில் நெருக்கடி. "யாரோ எதையோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்" என்று பக்கத்து வீட்டார் ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. நான்கு மாதங்கள் ஓரகத்தியுடன் பேச்சில்லை. பெருநாளன்றும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இது ஸிஹ்ர்தானா என்று கேட்கவே என்னை அழைத்திருந்தார்.

அந்தப் பஞ்சை ஓர் ஊசியால் கிளறி, கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். பஞ்சு நகர்ந்தது. "ஆபா, இது உயிருள்ளதா!" என்றார் அவர்.

அது மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி. தன் உடலின்மீது மெழுகுத் துகளைப் பூசிக்கொள்வதால் மாவு தூவியதுபோல் தெரிகிறது. பெண் பூச்சி பஞ்சுப் பொதிபோன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சும் சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றும். அதுவே இலைகளின் பிசுபிசுப்பு. அதன்மீது கரும்பூசணம் படியும். இவை ஒரு செடியுடன் மறைந்து வரலாம். எறும்புகள் சுமந்தும் வரலாம். ஓரகத்தி கொடுத்த தொட்டியிலேயே வந்திருக்கவும் கூடும். ஆனால் இலையின் அடியில் ஒளிந்திருந்த நான்கு பூச்சிகளை அவர் எங்ஙனம் அறிவார்?

தொட்டியைச் சுற்றி எறும்புகள் வரிசையாய் ஊர்ந்துகொண்டிருந்தன. மகன் கொதிநீர் கொண்டுவர ஓடினான். அவனை நிறுத்தி, தம்மைக் கடித்த ஓர் எறும்புக்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தியைச் சொன்னேன். அது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. எறும்பின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. தீங்கைத் தடுக்க நமக்கு அனுமதி உண்டு. தேவைக்கு மேல் அழிக்க அனுமதியில்லை. எறும்புகள் அந்தத் தேனுக்காகவே மாவுப்பூச்சியைக் காவல் காக்கின்றன. பூச்சி நீங்கினால் அவை தாமே போய்விடும். அதுவரை தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைத்தால் அவை ஏற இயலாது.

பிறகு செய்ய வேண்டியவை எளியவை. நோயுற்ற தொட்டியை மற்றவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பூச்சிகளைப் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தெடுக்கலாம். ஸ்பிரிட்டை வீட்டில் வைக்கத் தயங்குவோருக்குச் சோப்புக் கரைசலே போதும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து, முதலில் ஓரிரு இலைகளில் சோதித்துப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் இலை இடுக்குகளில் தெளிக்க வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்து மீண்டும் வரும். ஆகவே வாரம் ஒருமுறை என மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். வேரிலும் இப்பூச்சி ஒளியும். செடி தேறாவிட்டால் மண்ணை மாற்ற வேண்டும். மண் காய்ந்தபின்னரே நீர் ஊற்ற வேண்டும். நீரில் வீண்விரயம் கூடாது என்பது உளூவுக்கு மட்டுமான ஒழுக்கமன்று. இச்செடிகள் வறட்சியைவிட மிகைநீராலேயே அதிகம் அழுகுகின்றன. குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள் வயலுக்கான கடும் பூச்சிமருந்தைக் கொண்டுவர வேண்டாம். உண்ணவோ முகத்தில் பூசவோ பயன்படும் கற்றாழையில் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் பகையும் அன்று. கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழுப்பருவம் பார்ப்பதற்கு ஒரு பெரிய மாவுப்பூச்சி போலவே வெண்மெழுகு போர்த்தியிருக்கும். அறியாதவர் நண்பனையே நசுக்கிவிடுவார். 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் பாழாக்கியது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத அப்பூச்சியை, 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குளவியினம் அடக்கியது. ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் அளவையும் எல்லையையும் அல்லாஹ் வைத்திருக்கிறான், சுப்ஹானல்லாஹ்!

கண்ணேறு உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். ஸிஹ்ரையும் நாம் மறுப்பதில்லை. காலையும் மாலையும் ஆயத்துல் குர்ஸியும் மூன்று குல் சூராக்களும் ஓதிப் பாதுகாப்புத் தேடுவது நம் வழக்கமாக இருக்கட்டும். ஆனால் பாதுகாப்புக்கென வாசலில் கற்றாழையைத் தலைகீழாய்க் கட்டுவது நம் மார்க்கத்தில் இல்லை. ஆதாரமின்றி ஒருவரைச் சூனியக்காரர் என்று மனத்தில் தீர்ப்பெழுதுவதும் இல்லை. மிகுதியான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருக்க அனுமதியில்லை என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸ். இங்கே கழிந்ததோ நான்கு மாதங்கள்.

அன்று மாலை அவர் ஓரகத்தியைத் தொலைபேசியில் அழைத்து, செடியைப் பற்றி மட்டும் பேசினார். அந்த வீட்டுத் தாய்ச்செடியும் அவ்வாறே வெளுத்துச் செத்துப்போயிருந்தது. "நான் கொடுத்தது கெட்டுப்போனதால்தான் வருத்தமோ என்று கூப்பிடத் தயங்கினேன்" என்றாராம் அவர். மூன்று தொட்டிகளில் ஒன்று பிழைத்திருக்கிறது. அதன் நுனித்துண்டு ஒன்று வேர்விட்டதும் ஓரகத்தியின் வீட்டுக்குப் போகவிருக்கிறது. இருவருக்கும் இடையே பழைய இயல்பு இன்னும் முழுதாய்த் திரும்பவில்லை. அதற்குக் காலம் வேண்டும்.

உங்கள் வீட்டில் ஏதேனும் ஒன்று விளங்காமல் வாடும்போது, முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். உறவைச் சந்தேகிக்கும்முன் அருகில் சென்று பேசிப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைத் தப்பெண்ணத்திலிருந்தும் எங்கள் உறவுகளை முறிவிலிருந்தும் காப்பாயாக! ஆமீன்.