பாய்ந்து வருபவன் விட்டுவந்த இடம்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலந்தள்ளிய ஒருவன் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத முற்படுவது வாசகர்கள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். உதைபந்தாட்டம் என்று பெயரை வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையால் விளையாடுகிறார்களே என்று பல தடவை கேலி செய்தவன் நான். கொழும்பிலும் கண்டியிலும் றக்பி பார்த்துப் பழகிய கண்களுக்கு, சில விநாடிகள் மோதிவிட்டு அதைவிட நீண்ட நேரம் கூடிக்கூடிக் கதைக்கின்ற ஆட்டமாகவே அது தெரிந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவன் என் பேரன். நியூஜேர்சியில் மகனின் குடும்பத்துடன் தங்கியிருந்த ஓர் இலையுதிர் காலத்தில், அவனுடைய பாடசாலை அணியின் ஆட்டங்களைப் பார்க்க வெள்ளிக்கிழமை மாலைகளில் போகத் தொடங்கினேன். பந்தைப் பெற்று, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கும் குவாட்டர்பக் அவன்தான். வயது பதினாறு. உயரமும் இல்லை, பருமனும் இல்லை. நான் பார்த்த முதலாவது ஆட்டத்தில் அவனை ஏழு தடவை தரையில் வீழ்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் மருமகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். ஏழாவது தடவை அவன் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில், இந்த விளையாட்டு இனி வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மகன் பேசாதிருந்தான். பேரன் என்னைப் பார்த்து, "அப்பப்பா, அவங்கள் பிளிட்ஸ் பண்ணினவங்கள். பந்தை வைச்சுக்கொண்டு நிண்டது என்ரை பிழை" என்று மட்டும் சொன்னான்.

பிளிட்ஸ் என்றதும் என் போன்ற பழைய பத்திரிகைக்காரனுக்கு நினைவில் எழுவது, 1941 இல் பம்பாயில் ஆர். கே. கரஞ்சியா தொடங்கிய வார இதழ்தான். அதற்கு அடுத்தபடியாக, 1940 இல் இலண்டன் நகர்மீது ஜேர்மன் விமானங்கள் தொடங்கிய குண்டுவீச்சு. ஜேர்மன் மொழியில் மின்னல் எனப் பொருள்படும் அச்சொல் மைதானத்திலும் திடீர்ப் பாய்ச்சலையே குறிக்கிறது. அடுத்த நாள் அவன் தன் மடிகணினியைத் திறந்து, பழைய ஆட்டங்களின் காட்சிகளைக் காட்டி அதை எனக்கு விளக்கினான்.

பந்தை வைத்திருக்கும் அணி பத்து யார் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதன் பதினொருவரில் ஐவர் குவாட்டர்பக்குக்கு முன்னால் மதில்போல நிற்பார்கள். எதிரணி வழமையாக நால்வரை அவர்மீது ஏவும். மற்ற எழுவரும் பின்னால் நின்று, பந்து போகக்கூடிய இடங்களைக் காப்பார்கள். அந்த எழுவரிலிருந்தும் ஒருவரையோ இருவரையோ மேலதிகமாக ஏவிவிடுவதே பிளிட்ஸ். ஐவர் தடுக்க, அறுவர் பாய்கிறார்கள். உதவிக்கு வேறொருவர் நில்லாவிட்டால், ஒருவன் யார் கையிலும் அகப்படாமல் வந்து சேர்வான். அதற்கு இரண்டு, இரண்டரை விநாடி போதும்.

பின்வாங்கி ஓடுவதே மனித இயல்பு. ஆனால், ஓட ஓட இடம் குறைகிறது, நிலமும் பறிபோகிறது. இதற்கு இந்த ஆட்டம் கண்டுபிடித்த மறுமொழி எளிமையானது. பாய்ந்து வருபவன் ஓர் இடத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறான். அந்த வெற்றிடத்துக்கே பந்தை எறிந்துவிட வேண்டும். குவாட்டர்பக் மூன்றே அடி பின்வைத்து, முதல் நொடியிலேயே பந்தைக் கைவிடுகிறார். நெடுந்தூரம் ஓடவேண்டிய பந்து பெறுபவர், பாய்ச்சலைக் கண்டதும் தன் ஓட்டத்தைச் சுருக்கி உட்புறமாகச் சாய்ந்து ஓடி, அந்த வெற்றிடத்தில் பந்தை எதிர்கொள்கிறார். ஒருவரோடு ஒருவர் பேச நேரமில்லை. இருவரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முடிவுக்கு வரவேண்டும்.

குறுகிய எறிகளை அவசரத்துக்கான உபாயமாக மட்டும் கொள்ளாமல், ஓர் ஆட்டமுறையாகவே வளர்த்தவர் பில் வோல்ஷ். அது ஒரு போதாமையிலிருந்து பிறந்தது. 1969 இல் அவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, நெடுந்தூரம் எறியவல்ல கிறெக் குக் என்ற இளம் வீரர் தோளில் காயமுற்றார். அவருக்குப் பதிலாக வந்த வேர்ஜில் காட்டரின் கையில் அந்த வலு இல்லை. ஆனால் குறி தவறாத எறியும் கூர்மையான புத்தியும் இருந்தன. இருப்பதை வைத்துச் சமைப்பதுபோல, வோல்ஷ் மைதானத்தின் நீளத்தை விட்டு அகலத்தைப் பயன்படுத்தினார். 1971 இல், எறிந்த பந்துகளில் கூடிய விகிதம் உரியவரைச் சேர்ந்தது என்ற வகையில் காட்டர் முதலிடம் பெற்றார். பின்னர் வோல்ஷ் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற சான் பிரான்சிஸ்கோ அணி 1979 இல் பதினாறு ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. அதே அணி 1982 ஜனவரியில், ஜோ மொன்ரானாவின் கைகளால் சூப்பர் போல் கிண்ணத்தை வென்றது.

1985 இல் பாய்ச்சலுக்குப் பேர்போனது சிக்காகோ பெயார்ஸ் அணி. பன்னிரண்டு ஆட்டங்களில் தொடர்ந்து வென்று வந்த அவ்வணியை, டிசம்பர் 2 ஆம் திகதி மயாமி டொல்பின்ஸ் அணி 38 – 24 என்று தோற்கடித்தது. மயாமியின் டான் மரீனோ, பந்தைக் கணத்தில் கைவிடும் வேகத்துக்குப் பெயர்பெற்றவர். அந்தப் பருவத்தில் சிக்காகோ கண்ட ஒரேயொரு தோல்வி அதுதான்.

"அப்படியென்றால் மருந்து கிடைத்துவிட்டதே" என்றேன்.

பேரன் சிரித்துவிட்டு இன்னொரு காட்சியைக் காட்டினான். 2009 பெப்ரவரி 1 ஆம் திகதி நடந்த சூப்பர் போல் இறுதியாட்டம். முதற்பாதி முடிய விநாடிகளே இருக்கின்றன. அரிசோனா அணிக்கு எல்லைக்கோடு ஒரே யார் தூரத்தில். அனுபவசாலியான கேர்ட் வோர்னர் எதிரே பாய்ச்சலுக்கான அறிகுறியைக் கண்டு, பாடத்தில் உள்ளபடியே உட்புறமாக விரைந்து எறிகிறார். பாய்வதுபோலப் பாவனை செய்த பிற்ஸ்பேர்க் அணியின் ஜேம்ஸ் ஹரிசன், பாயாமல் பின்வாங்கி அதே இடத்தில் நிற்கிறார். பந்து அவர் கைகளில் விழுகிறது. நூறு யார் தூரம் ஓடி, மறுமுனையில் புள்ளி சேர்த்துவிடுகிறார். அந்த அணியின் தற்காப்பை வகுத்த டிக் லிபோ, ஒருவரைப் பாயவிட்டு வேறொருவரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் தந்திரத்தை வளர்த்தெடுத்தவர். விரைந்த எறிக்கு அதுவே மறுவைத்தியம். இறுதியில் பிற்ஸ்பேர்க் 27 – 23 என்று வென்றது.

அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னேன். வோர்னரின் கை வேகத்தில் குறையில்லை. காணப்போவது இதுதான் என்ற முன்முடிவே அவரை ஏமாற்றியது. அதைப் பார்த்தபோது எனக்கு வேறோர் இரவு நினைவுக்கு வந்தது. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1970 களின் பிற்பகுதி. கொழும்பில் ஒரு நாளேட்டில் இரவுப் பணியில் இருந்தேன். பக்கத்தை மூடும் நேரம். அச்சுக்கோப்பவர்கள் காத்து நிற்கிறார்கள். ஃபோர்மன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்போது தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. வடபகுதிக் கடலில் படகு கவிழ்ந்து உயிரிழப்பு, பெயர்கள் சில. விரைவாக எழுதுபவன் என்று பெயரெடுத்திருந்த நான், இத்தகைய செய்தியை எப்படி எழுதுவது என்ற பழக்கத்திலேயே பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பெயரையாவது மறுபடி கேட்டு உறுதி செய்யவில்லை. மற்றப் பத்திரிகைகளை முந்திவிட்டோம் என்று மறுநாள் பாராட்டும் கிடைத்தது.

சில நாட்களின் பின், பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். இறந்தோர் பட்டியலில் நான் போட்ட பெயர் அவருடையது. அன்று அவர் அந்தப் படகில் ஏறவே இல்லை. கோபிப்பார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கோபிக்கவில்லை. "அம்மா ரெண்டு நாள் தண்ணிகூடக் குடிக்கேல்லைத் தம்பி" என்று மட்டும் சொன்னார். நாங்கள் வெளியிட்ட திருத்தம் நான்கு வரி. அது அந்த இரண்டு நாட்களை யாருக்கும் மீட்டுக் கொடுத்திருக்காது.

இதைப் பேரனுக்குச் சொன்னேன். அருகில் நின்ற மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கெதியா எறியத்தான் வேணும் அப்பப்பா. ஆனால் பார்த்திட்டு எறிய வேணும்" என்றான். இந்தப் பருவம் முடியும்வரை விளையாடட்டும் என்று மருமகள் அரைமனத்தோடு இணங்கினாள்.

நான் நாடு திரும்புவதற்கு முன் பார்த்த கடைசி ஆட்டத்தில், எதிரணியினர் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். அவன் மூன்றடி பின்வைத்து, அவர்கள் விட்டுவந்த இடங்களுக்குப் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தான். மூன்றாம் கால்பகுதியில் ஒரு தடவை எறியக் கை ஓங்கியவன், சட்டென்று கையை இறக்கிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் எறியவிருந்த இடத்தில், பாய்வதுபோலக் காட்டிவிட்டுப் பின்வாங்கிய ஒருவன் நின்றிருந்தான். மறுகணம் இருவர் பேரனைத் தரையில் வீழ்த்தினார்கள். சில யார் நிலம் போயிற்று, பந்து போகவில்லை.

மருமகள் வழமைபோல் என் கையைப் பற்றினாள். எதிரணியின் பக்கம் ஆரவாரம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் மௌனம். அவளுடைய பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நான் ஒருவன் மாத்திரம் எழுந்து நின்று கைதட்டினேன். எதற்காகத் தட்டுகிறேன் என்று அருகிலிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த பேரனுக்கு விளங்கியிருக்கும்.