கையறுதல்

துக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஓர் உணர்ச்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நம் பழைய இலக்கணக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. தலைவன் இறந்தபின் பாடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் கையறுநிலை. அதாவது, செயல் அற்றுப்போவது. போன ஐப்பசியில் அம்மா இறந்தபிறகுதான் இந்தச் சொல் எனக்கு அனுபவமாயிற்று. எட்டு வருஷம் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிய கைகள் விடியற்காலையில் செய்ய ஒன்றுமில்லாமல் நின்றன. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

வாலாஜாபாத்தில் பதினாறு நாள் காரியம் இன்னும் நடக்கிறது. பால் தெளிப்பு, படையல், பாலாற்றங்கரையில் கருமாதி. எனக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. என்றாலும் கைக்கு வேலை தருகிற ஏற்பாடு இது என்பது புரிந்தது.

தம்பிக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான்காம் நாளே கம்பெனி பஸ் ஏறிவிட்டான். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "அங்க நின்னா கை அதும்பாட்டுக்கு ஓடுதுண்ணா" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் கை ஓடுவது மட்டும் போதாது. தொழிற்சாலையில் ஓடுகிற கை யாரையும் நினைத்து ஓடுவதில்லை. சடங்கு அதே கையை இறந்தவர் பேரில் வேலை செய்யவைக்கிறது.

எழுத்தும் இதைச் செய்யக்கூடும். 1977 அக்டோபரில் தாய் இறந்த மறுநாள் ரொலான் பார்த் துண்டுத்தாள்களில் தேதியிட்டுக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அவர் இறந்து பல வருஷம் கழித்து, 2009இல்தான் அவை புத்தகமாயின. புறநானூறு 112இல் பாரி மகளிர் ஒப்பாரி வைப்பதில்லை. தகப்பன் இருந்த போன மாதத்து நிலவையும் அவன் இல்லாத இந்த மாதத்து நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். ஐந்தே வரி. இரண்டிலும் இழப்பு பெரிதுபடுத்தப்படவில்லை. நாள் கணக்கு வைக்கப்படுகிறது. நம் புதுக்கவிதையில் மரணம் நிறைய வருகிறது. பெரும்பாலும் படிமமாக வருகிறது; இறந்தது யார், என்றைக்கு என்பது தெரிவதில்லை.

துக்கத்திலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெளியே வர வேண்டியதில்லை. அற்றுப்போன கை திரும்ப வந்தால் போதும். தம்பி இப்போது அமாவாசைதோறும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டிலிருக்கிறான். அன்றைக்குப் படையலுக்குச் சமைப்பது அவன்தான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெங்காயம் மட்டும் அவள் நறுக்குகிற மாதிரியே நீளநீளமாக நறுக்குகிறான்.