தோற்கத் தெரிந்தவர்களின் சிரிப்பு

1976 செப்டெம்பர் 18. ஜேர்மனியின் பூகும் நகரில் வி.எஃப்.எல். பூகும் அணிக்கும் பயர்ன் மியூனிச்சுக்கும் ஆட்டம். பயர்ன் அப்போது ஐரோப்பியக் கிண்ணத்தை அடுத்தடுத்து மூன்று முறை வென்றிருந்த அணி. இடைவேளையில் பூகும் 3–0 என முன்னிலை. சற்று நேரத்தில் 4–0. அதன்பிறகு இருபது நிமிட அளவிலேயே பயர்ன் ஐந்து கோல்களைப் போட்டது. பூகும் தளரவில்லை, 5–5 என்று சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஊலி ஹொனெஸ் ஆறாவது கோலை அடித்தார். முடிவு 5–6.

இந்தத் தோல்வியைப் பூகும்காரர்கள் மறைப்பதில்லை. அன்று பிறந்திருக்காதவர்கள்கூட நிமிடம் பிசகாமல் சொல்கிறார்கள், சொல்லும்போது சிரிக்கிறார்கள். எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்து இந்த ரூர் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்கள் பலர். அவர்களில் அண்ணை ஒருவர்தான் என்னை முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "தம்பி, வெண்ட கதையள் பிறகு. முதல் தோத்த கதையளைப் படியும்" என்றார். ஜேர்மன் உதைபந்தாட்டத்தைப் பின்தொடர்வதற்கு அதைவிட நல்ல பாடத்தை வேறு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ரசிகன் பழகவேண்டிய கலைகளில் நகைச்சுவையே தலையாயது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் எளிய கணக்கு. புண்டஸ்லிகாவில் 18 அணிகள். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 34 ஆட்டங்கள். கேடயம் ஒன்றுதான். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை அது பயர்னுக்கே போனது. மற்ற 17 அணிகளின் ரசிகர்களும் ஆண்டுதோறும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். சிரிக்கத் தெரியாதவர்கள் ஒன்றில் விலகிப் போவார்கள், இல்லையேல் கசந்து போவார்கள். சிரிக்கத் தெரிந்தவர்கள் அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மறுபடி வந்து நிற்பார்கள்.

இந்தக் கலையின் முதல் விதி: பகடி தன் அணியிலிருந்து தொடங்க வேண்டும். நூர்ன்பேர்க் அணி 1968இல் கேடயம் வென்றது. மறு ஆண்டே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு புண்டஸ்லிகாவிலிருந்து இறங்கிய அணி அது ஒன்றுதான். 2007இல் ஜேர்மன் கிண்ணத்தை வென்று 2008இல் மீண்டும் இறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அணியை முட்டாள் என்று தங்கள் பேச்சுவழக்கிலேயே செல்லமாகத் திட்டுவார்கள். வெளியூரான் அதே சொல்லைச் சொன்னால் கதை வேறு.

லேவர்குசன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2002இல் அந்த அணி லீக், ஜேர்மன் கிண்ணம், சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாமிடம். 'வீற்சேகுசன்' என்று, எப்போதும் இரண்டாவதாக வரும் ஊர் என்னும் பொருளில், நாடே பெயர் சூட்டியது. கழகம் அந்தக் கேலிப்பெயரையே 2010இல் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. 2024இல் ஷாபி அலொன்சோவின் பயிற்சியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதன்முறையாகக் கேடயத்தை வென்றபோது, அந்தப் பெயரைத் தாங்கியிருந்த எல்லோருடைய கண்களும் கலங்கின. கேலியைப் பொறுத்தவனுக்கே அந்த மகிழ்ச்சியின் முழு எடை தெரியும்.

இரண்டாவது விதி: நினைவு வேண்டும். ஆண்டும் எண்ணிக்கையும் தெரியாதவன் சொல்லும் பகடி வெறும் வசை. 1965–66 பருவத்தில் டாஸ்மேனியா பேர்லின் 34 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. போட்ட கோல் 15, வாங்கியது 108. தொடர்ந்து 31 ஆட்டங்களில் வெற்றியில்லை. ஏறத்தாழ 55 ஆண்டுகள் கழித்து ஷால்க 04 அணி 30 ஆட்டங்கள் வெற்றியின்றிக் கிடந்தபோது, அந்தச் சிறு பேர்லின் கழகத்தின் பெயர் ஜேர்மனி முழுவதும் மறுபடி ஒலித்தது. 2021 ஜனவரி 9 அன்று ஷால்க ஹொஃபன்ஹைமை 4–0 என வென்றது. டாஸ்மேனியாவின் சாதனை ஒரே ஓர் ஆட்டத்தில் தப்பியது. அந்த வாரங்களில் மூடிய மைதானங்களுக்கு வெளியே நோய்க்காலத்தில் அடைபட்டிருந்த எங்களுக்கு, அந்தப் பழைய எண்கள் பெரிய ஆறுதல்.

நினைவு கேலியை மட்டும் வைத்திருப்பதில்லை. 1978இல் டோர்ட்முண்ட் அணி முன்சன்கிளாட்பாக்கிடம் 0–12 எனத் தோற்றது. பயிற்றுநர் ஒட்டோ ரேஹாகல் வேலையை இழந்தார். அவர் பெயரைத் திருகி, கோல்களை ஆலங்கட்டி மழையாக்கி 'டோர்ஹாகல்' என்றன பத்திரிகைகள். அதே மனிதர் 1998இல், இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறிவந்திருந்த கைசர்ஸ்லவுட்டனுக்குக் கேடயம் வாங்கித் தந்தார். இன்றைக்கு அந்த இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறவனே முழு ரசிகன்.

மூன்றாவது விதி: அயலவர் வேண்டும். ரூர் பகுதியில் டோர்ட்முண்ட், பூகும், ஷால்கவின் ஊரான கெல்சன்கிர்ஹன் எல்லாம் குறுகிய ரயில் தூரத்துக்குள் அடங்கும் ஊர்கள். டோர்ட்முண்ட்காரன் ஷால்கவின் பெயரை உச்சரிக்க மாட்டான். 'மேற்கு ஹெர்ன' என்பான். ஷால்ககாரனுக்கு டோர்ட்முண்ட் 'வடக்கு லூடன்ஷைட்'. எதிரியின் பெருநகரைப் பக்கத்துச் சிற்றூரின் ஒரு மூலையாக்கிவிடும் குறும்பு இது. இவர்களின் பாட்டன்மார் ஒரே நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியவர்கள். இருட்டில், தூசியில், பக்கத்தில் நிற்பவனை நம்பி வேலை செய்தவர்களுக்கு நேரடிப் பேச்சும் உடனடிப் பகடியும் வேண்டியிருந்தன. ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்டது. அந்தப் பேச்சு மைதானத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நல்ல பகடிக்குக் காலம் முக்கியம். 2002 பெப்ரவரியில் பட்டியலின் கடைசி இடத்தில் இருந்த ஹாம்பேர்க்கின் சங்க்ட் பவுலி அணி, சில மாதங்களுக்கு முன் கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தை வென்றிருந்த பயர்னை 2–1 எனத் தோற்கடித்தது. 'உலகக் கிண்ணம் வென்றவரை வென்றவர்கள்' என்று டீ-சேர்ட்டுகள் அச்சாகி விற்றன. அந்தப் பருவ முடிவில் அணி இறங்கிவிட்டது. டீ-சேர்ட் நிலைத்துவிட்டது.

மைதானத்திலும் இதற்கு ஒழுங்கு உண்டு. கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் வீரரின் முதற்பெயரைச் சொல்வார். குடும்பப்பெயரைக் கூட்டம் முழங்கும். அவர் 'நன்றி' என்றால் கூட்டம் 'பரவாயில்லை' என்று திருப்பிச் சொல்லும். நிற்கும் வரிசைகளில் ஒலிபெருக்கியோடு ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாட்டை நடத்துவார். பதாகை எழுதுவோர் இரவெல்லாம் விழித்துத் தீட்டுவார்கள். எதிர்ப்புறத்திலிருந்து படிக்கத்தக்க பெரிய எழுத்து, அந்த வாரத்துச் செய்தி, ஆறேழு சொற்களுக்கு மிகாத நீளம்: இவை மூன்றும் இல்லாத பதாகை வீண். நான் மைதானத்துக்குப் போகாத சனிக்கிழமைகளில் வானொலியைக் கேட்பேன். கடைசிக் கட்டத்தில் எல்லா மைதானங்களின் வர்ணனையாளர்களும் ஒருவரை ஒருவர் இடைமறித்து கோல் என்று கத்துவார்கள். சுருக்கமாகவும் விரைவாகவும் பேசுவது எப்படி என்று கற்க அதைவிட நல்ல பள்ளி இல்லை.

இந்த நகைச்சுவைக்கு வலிமையும் உண்டு. 2023 டிசெம்பரில், லீக்கின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்க, முதல் இரு பிரிவுகளின் 36 கழகங்களில் 24 வாக்களித்தன. தேவையான மூன்றிலிரண்டு, ஒன்றும் மிஞ்சாமல். ரசிகர்கள் தங்கநிறத் தாளில் சுற்றிய சொக்லேட் காசுகளைப் புல்தரையில் வீசினார்கள். பின்னர் டென்னிஸ் பந்துகள், ரிமோட்டில் ஓடும் விளையாட்டுக் கார்கள். டென்னிஸ் பந்து யாரையும் காயப்படுத்தாது, நாலாபக்கமும் உருளும், பொறுக்க நெடுநேரம் பிடிக்கும். வாரக்கணக்காக ஆட்டங்கள் தடைப்பட்டன. 2024 பெப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் அந்தப் பேச்சுவார்த்தையைக் கைவிட்டது. கழகத்தின் வாக்குகளில் பெரும்பான்மை அங்கத்தவர்களிடமே இருக்கவேண்டும் என்ற ஜேர்மன் விதியை உயிராக மதிக்கும் எனக்கு, அது எந்தக் கிண்ணத்துக்கும் குறையாத வெற்றி.

எல்லையும் உண்டு. காயம்பட்டவன், தோலின் நிறம், சாவு ஆகியவை பகடிக்குரியவை அல்ல. 2009 நவம்பரில் ஹனோவர் அணியின் கோல்காப்பாளர் றொபேர்ட் என்கெ மன அழுத்தத்தோடு போராடி உயிர்நீத்தபோது, எல்லா அணிகளின் ரசிகர்களும் ஒன்றாக மௌனமானார்கள். எப்போது வாய்மூடுவது என்று அறிந்தவனின் சிரிப்பையே நான் நம்புகிறேன்.

சிரிக்கும் உரிமை உழைப்பால் வருவது. யூனியன் பேர்லின் ரசிகர்கள் 2004இல் இரத்தம் கொடுத்து, கிடைத்த பணத்தைக் கழகத்துக்குத் தந்தார்கள். 2008–09இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் தங்கள் கையாலேயே மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள். 2019இல் அணி முதன்முறையாகப் புண்டஸ்லிகாவில் சொந்த மண்ணில் ஆடிய நாளில், அதைக் காணாமல் இறந்துபோன ரசிகர்களின் படங்களை உறவினர் ஏந்தி நின்றார்கள். அவர்கள் தங்கள் அணியைக் கேலி செய்தால் அந்தக் கேலியின் அடியில் சீமெந்தும் வியர்வையும் இருக்கிறது.

2024 மே மாதம் எங்கள் பூகும், பிரிவைத் தக்கவைப்பதற்கான இரண்டு ஆட்டங்களில் முதலாவதில் சொந்த மைதானத்திலேயே டுசெல்டோர்ஃபிடம் 0–3 எனத் தோற்றது. நான்கு நாட்கள் இடைவெளி. 4–0 கூடப் போதாது என்று உலகுக்குக் காட்டிய அணியிடம் மூன்று கோல் முன்னிலையை நம்பி யார் தூங்குவார்கள் என்று பேசிக்கொண்டோம். பூகும் அங்கே போய் 3–0 என வென்று, பெனல்டிகளில் 6–5 எனப் பிழைத்தது. மறு ஆண்டு இறங்கியும் விட்டது.

இந்த லீக்கைப் பின்தொடர விரும்பும் இளையவர்களுக்கு ஒரு சொல். கேடயம் வெல்லும் அணியைத் தேடிப் போகாதீர்கள். ஓர் ஊரைத் தெரிந்தெடுங்கள். அதன் பெருந்தோல்விகளை நாளோடும் கணக்கோடும் படியுங்கள். மழையில் நில்லுங்கள், அங்கத்தவராகுங்கள், கழகக் கூட்டங்களில் வாக்களியுங்கள். அதன்பிறகு உங்கள் அணியைப் பார்த்து வாய்விட்டுச் சிரியுங்கள்.