உள்ளே உப்பு, வெளியே கரி

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும்போதே மெக்கானிக் சுடுதண்ணி மெஷினின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டார். "கறுப்பா வருது பாருங்க தம்பி. டீசல் எரியறதுக்குக் காத்து பத்தல."

நாமக்கல்லில் சேலம் சாலையை ஒட்டிய வாட்டர் சர்வீஸ் கொட்டகை அது. டேங்கர், கோழித்தீவன வண்டி, முட்டை லாரி எல்லாம் கழுவ வரும் இடம். சேஸிஸில் அப்பிய கிரீஸ் பச்சைத் தண்ணிக்கு அசையாது, சுடுதண்ணி மெஷின் வேண்டும். ஆனால் முட்டை லாரிக்கு வரிசை வேறு. உடைந்து ஒழுகிய வெள்ளைக்கருவை முதலில் பச்சைத் தண்ணியில் ஓட்டிவிட வேண்டும். எடுத்ததும் சூடு காட்டினால் அது வெந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். கழுவும் பையன் இதை எனக்குப் பொறுமையாகச் சொன்னான்.

மெக்கானிக்கோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். மெஷின் மக்கர் செய்த பிறகுதான் இவரைக் கூப்பிடுகிறார்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லி அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் பர்னர் மூடியில் ஸ்பேனர் வைத்தார். தீப்பொறிக்கான டிரான்ஸ்ஃபார்மர் 10,000 வோல்ட்டுக்குக் குறையாமல் தரும் என்பதால் அதில் அவருக்கு விளையாட்டே கிடையாது. காலையில் சட்டென்று பற்றவில்லை என்று பையன் நாலைந்து தடவை ஸ்டார்ட் போட்டிருந்தான். அதைக் கேட்டதும் டார்ச் அடித்து, தீ எரியும் அறைக்குள் டீசல் தேங்கியிருக்கிறதா என்று தேடினார். தேங்கிய டீசல் ஒரேயடியாகப் பற்றினால் மூடியே தெறித்து வரும். அடியில் ஈரம் இருந்தது. பனியன் வேஸ்ட் வைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தார்.

பிறகு நாசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சின்னப் பித்தளைத் துண்டு. பக்கத்தில் 0.85 என்றும் 60 டிகிரி என்றும் பொறித்திருந்தது. முதல் எண் 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை கேலன் டீசல் போகும் என்பது, அடுத்தது அது விரியும் கோணம். இங்கே பம்ப் 10 பாரில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற்ற ஏறத்தாழ அவ்வளவுதான் தேவை. நாசிலின் முனைத் துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. அதில் கம்பி விட்டுக் குத்தியிருந்தார்கள். அவருக்கு முகம் மாறிவிட்டது. "துளை கோணினா டீசல் பூவா விரியாது, ஒரு பக்கமா ஊத்தும். அதான் கரி." நாசிலைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. புதிதைப் பொருத்தி, எலக்ட்ரோடு முனைகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அந்த முனைகள் டீசல் படாத தூரத்தில் நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். தீயைக் கண்காணிக்கும் போட்டோசெல் கண்ணாடியில் படிந்த கரியை விரலால் துடைத்தபோது, "இது குருடாயிட்டா தீ எரிஞ்சாலும் எரியலைன்னு நிறுத்திப்புடும்" என்றார்.

காயில்தான் பெரிய வேலை. தீயைச் சுற்றிச் சுருளாக ஓடும் இந்த இரும்புக் குழாயில்தான் தண்ணீர் சூடேறுகிறது. வெளியே படிந்த கரியும் உள்ளே படிந்த உப்பும் சேர்ந்து சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் மறிக்கின்றன. டீசல் செலவாகும், தண்ணீர் சுடாது, இரும்பு மட்டும் காய்ந்து சாகும். கரியை பிரஷ் போட்டு எடுத்துவிடலாம். உப்புதான் இந்த ஊர் போர்த் தண்ணியின் சாபம். கரைந்திருக்கும் கால்சியம் சூடுபட்டதும் கல்லாகிக் குழாயில் ஒட்டுகிறது. பாத்ரூம் ஆசிட் விட்டால் ஒரு நொடியில் போய்விடும் என்று முதலாளி சொன்னார். "உப்போட சேத்து இரும்பையும் தின்னுரும்ங்க" என்று மறுத்து, எலுமிச்சை உப்பை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்துச் சின்ன மோட்டாரால் காயிலுக்குள் சுற்றவிட்டார். திரும்பி வந்த தண்ணீரில் நுரை பொங்கியது. அது அடங்கும்வரை முக்கால் மணி நேரம் பக்கெட்டை விட்டு எழவில்லை. அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசினார்.

சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஃபில்டரை மாற்றச் சொன்னார், டீசல் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமைமேல் பெரிய மரியாதை.

மறுபடி பற்றவைத்தபோது ஒரே சீரான உறுமல். புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது, நிறம் இல்லை. ஒரு டேங்கரைக் கழுவி முடித்ததும் பையன் மெஷினை அணைக்கப் போனான். அவர் கையைப் பிடித்தார். பர்னரை மட்டும் நிறுத்திவிட்டுத் தண்ணீரை ஓடவிட்டார். உள்ளே தங்கிய சூட்டில் காயில் வேகாமல் இருக்கத்தான் இந்தக் காத்திருப்பு. அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இவர் தண்ணீர்த் துப்பாக்கியின் முனையிலிருந்து கொட்டும் தண்ணீரில் புறங்கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணியாக வந்த பிறகுதான் பையனிடம் தலையசைத்தார்.