மட்டாஞ்சேரி: தெருவின் கண், டவரின் கண்

மட்டாஞ்சேரியில் யாரும் கண்ணில் படாமல் நடமாடுவது கடினம். 1568-ல் எழுந்த பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் குறுகலான தெருவில், மிளகும் சுக்கும் மணக்க, கடைக்குக் கடை கவனிக்கும் கண்கள்.

2020 ஆகஸ்டில் வந்த கண்காணிப்பு வேறு ரகம். கொரோனா நோயாளிகள் போய்வந்த இடங்களை அறிய, அவர்களது செல்போன் அழைப்புப் பதிவுகளைத் திரட்ட முற்பட்டது கேரள போலீஸ். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா, காயலுக்கு அக்கரையில் உள்ள உயர் நீதிமன்றத்தை நாடினார். டவர் விவரம் மட்டும் போதும் என்றது அரசு. மனு தள்ளுபடியானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம்.

டவர் காட்டுவது பேட்டையை; வீட்டை அல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய இந்த ஊரில் அது யாரை அடையாளம் காட்டும்? உற்றுப் பார்க்கும் கடைக்காரரிடம் ‘என்ன?’ என்று கேட்டுவிடலாம். டவரிடம் கேட்க முடியாது.