ஊசியும் உண்மையும்

புனேயில் இட்லிக் கடை நடத்தும் நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு மார்பின் நடுவே நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. காசநோயா, புற்றுநோயா? மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கேளா ஒலிப் படத்தின் துணையால் ஊசியிட்டுச் சிறிது திசு எடுக்க வேண்டும் என்றனர். ஒப்புதல் படிவமோ மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

"ஆபத்து உண்டா, தம்பி?" என்றார்.

"ஒன்றுமில்லை" என்பது அன்பு, உண்மையன்று. குருதிக் கசிவு, சீழ்பிடித்தல், நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுதல், அரிதாக ஊசி முறிதல் ஆகியவை நேரலாம். 2013-இல் வெளியான சப்பானிய ஆய்வில், 7,345 சோதனைகளுள் 90-இல் சிக்கல். பாதிக்கு மேல் குருதிக் கசிவு. ஓர் உயிர் போயிற்று. அனைத்தையும் தமிழில் சொன்னேன். பெரியவர் அஞ்சவில்லை. "வீடு திரும்பிய பின் எதைக் கவனிக்க வேண்டும்?" என்றே கேட்டார்.

அதுவன்றோ கேள்வி! சீழ் அன்றே தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சலாகவோ மார்வலியாகவோ தலைகாட்டலாம். அப்போது கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நண்பர்களே, புரியாத மொழியில் இடும் கையொப்பம் வெறும் கோடு. நாம் கற்ற அறிவியலைத் தாய்மொழியில் சொல்லுவது பெருமைக்கன்று. பிறர் உயிருக்குக் காவலாக.